உங்க ஆறு எது? மாவோரி வாசலில் ஒரு கேள்வி!

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு வீட்டுக்குப் போனால், "வாங்க, தண்ணி குடிங்க" என்ற உபசரிப்புதான் முதலில். "எந்த ஊருங்க?" என்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். கடல் தாண்டி, நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் இப்படி ஒரு வரிசை உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கவோ சுற்றுலாவுக்கோ அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால், வெறுமனே வேடிக்கை பார்க்காமல் விருந்தாளியாகவே இருந்துவிட்டு வரலாம்.

மாவோரிகளின் பொது முற்றத்துக்கு 'மராய்' என்று பெயர். அழைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு பெண் நீட்டிக் குரல் கொடுத்து அழைப்பார். அது 'கரங்கா'. அதன் பிறகே மெதுவாக நடந்து உள்ளே போக வேண்டும். இரு தரப்பிலும் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் அந்தத் தரப்பு ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். எனவே, எல்லோருக்கும் தெரிந்த தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டு போவது நல்லது!

அடுத்தது, மூக்கோடு மூக்கு சேர்க்கும் 'ஹொங்கி'. இருவர் மூச்சும் கலந்துவிட்டதாக அர்த்தம். பிறகு விருந்து. நெருப்பில் காய்ச்சிய கற்களைக் குழியில் போட்டு, மேலே இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வைத்து, மண்ணால் மூடி, சில மணி நேரம் வேகவைப்பது 'ஹாங்கி'.

கூடத்துக்குள் செருப்பும் சாப்பாடும் கூடாது. சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது. தலை புனிதமானது என்பதால் யார் தலையையும் தொடக் கூடாது. ரொட்டோருவா நகரில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் வரவேற்பிலும், வீரர் முறைத்துக்கொண்டு வரும்போது சிரிக்காமல் நிற்பதுதான் மரியாதை.

மாவோரி ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது முதலில் தன் மலையையும் ஆற்றையும் சொல்வார். பிறகு முன்னோர் வந்த படகு, குலம். தன் பெயர் கடைசியில்தான்.

நெருப்பெரிச்சல்காரர் என்ன சொல்வார்? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலைச் சொல்லலாம். ஆனால், பனியனுக்கு ஏற்றிய சாயம் அந்த ஆற்றிலும் ஏறியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

மாவோரிகளும் வாங்கனுயி ஆற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 2017-ல் அந்த ஆற்றுக்கு ஒரு மனிதருக்குரிய சட்ட உரிமைகள் கிடைத்தன. அதன் சார்பாகப் பேச 2 பேர் நியமிக்கப்படுகிறார்கள்.

ஹாக்கா ஆட்டத்தின் வீடியோ செல்போனில் பத்திரமாக இருக்கும். ஊர் திரும்பி நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது, "எங்க ஆறு இதுதான்" என்று அங்கே சொன்னதும் ஞாபகத்துக்கு வரட்டும்!