பாம்பு ஒன்பது: ஜப்பானிய அச்சுப்படமும் நெல்லைச் சுவடிகளும் காலங்காட்டும் முறை

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை இனங்கண்டு மொழிபெயர்க்கும் பணி நம் துறைக்கு அயலானதாகத் தோன்றலாம். எனினும், பொருநைக் கரையில் எழுதப்பெற்ற ஏட்டுச்சுவடிகளின் காலத்தைக் கணித்துப் பழகியவர்க்கு அதன் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் அறிமுகமானவையே. ஒரு படத்தைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிரோஷிகேயின் 'எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்' வரிசையில், பாலத்தின்மீது மழை கொட்ட மக்கள் குனிந்து விரையும் படம் ஒன்றுண்டு. 1887இல் வான்கோ இதனை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். படத்தில் வரிசைப்பெயர், தலைப்பு, கையொப்பம், பதிப்பாளர் உவோயா எய்கிச்சியின் பெயர் ஆகியவற்றோடு இரு சிறு முத்திரைகளும் உள்ளன. ஒன்று 'ஆய்ந்தது' எனப் பொருள்படும் தணிக்கை முத்திரை. மற்றொன்று 'பாம்பு, ஒன்பது' என்று மட்டும் கூறுகிறது. பாம்பு ஆண்டின் ஒன்பதாம் மாதம் என்பது பொருள்.

பாம்பு ஆண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 1845, 1857, 1869 ஆகியவற்றுள் எது? ஹிரோஷிகே 1858இல் மறைந்தார் என்பது 1869ஐ விலக்குமேயன்றி 1845ஐ விலக்காது. முத்திரையின் வடிவமே முடிவு தருகிறது. 1845இல் தணிக்கையாளரின் பெயர்முத்திரை மட்டுமே வழங்கியது. 1853 இறுதி முதல் 1857 முடியத் தணிக்கை முத்திரையும் கால முத்திரையும் தனித்தனியே இடப்பட்டன. 1859 முதல் இரண்டும் ஒன்றாயின. எனவே இப்படம் 1857.

'தாது வருடம்' என்று மட்டும் குறிக்கும் சுவடியிலும் இதே சிக்கல் எழும். அது 1816ஆகவோ 1876ஆகவோ இருக்கலாம். நெல்லைச் சுவடிகளில் இரண்டாம் சான்றாக உதவுவது கொல்லம் ஆண்டு. வட மலபாரில் கன்னி மாதத்தில் பிறக்கும் அவ்வாண்டு, நெல்லை வழக்கில் ஆவணியில் பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள நாள்களுக்கு 824ஐயும், ஏனையவற்றுக்கு 825ஐயும் கூட்டல் வேண்டும். 'கொல்லம் 1052, தாது, ஆவணி' என்றிருப்பின் அது 1876. எந்திரத்தனமாக 825ஐக் கூட்டினால் 1877 வரும். அவ்வாண்டு ஆவணியோ ஈசுவர வருடத்தது. சுழலாண்டின் பெயர் இவ்வாறு கணக்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டுள் ஒன்றை மட்டும் பெயர்த்தெழுதி மற்றதை விட்டுவிடும் சுவடி அட்டவணைகள் ஆய்வாளர்க்குப் பெருந்தீங்கு செய்கின்றன என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கி அச்சிட்ட படிகளிலும் பழைய முத்திரை அப்படியே இடம்பெறும். முத்திரை படைப்பின் காலத்தைச் சொல்லுமேயன்றிக் கையிலுள்ள தாளின் காலத்தைச் சொல்லாது. மூலச்சுவடியின் இறுதிக்குறிப்பையும் சேர்த்தே படியெடுத்த ஏடுகள் நம்மை ஏமாற்றுவதும் இவ்வாறே.

இனி, தலைப்பு. பழைய ஜப்பானிய எழுத்தில் ஒலிப்பொலிக் குறிகள் பெரும்பாலும் விடுபடும். புள்ளியிடாத ஏட்டைப் படிப்பவர் போல, சொல்லை முன்னறிந்தே எழுத்தைத் துணிதல் வேண்டும். 'ஓஹாஷி' பெரிய பாலம். 'அத்தக்கே' அகராதிச் சொல்லன்று. அவ்விடத்தில் நின்ற 'அத்தக்கே மாரு' என்னும் போர்க்கப்பலின் பெயர், ஆகுபெயராய்க் கரைக்கு ஆகியது. 'யூதாச்சி' என்பதே மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்வது. ஆங்கிலத்தார் 'திடீர் மழை' என்பர். அதில் மாலைப்பொழுது மறைந்துவிடுகிறது. நெல்லையார்க்கு உடனே நினைவில் எழும் 'சாரல்' இங்குப் பொருந்தாது. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் காற்றோடு தூவுவது அது. யூதாச்சி, வெயில் காய்ந்த நாளின் பிற்பகலில் திடுமெனக் கொட்டி ஓய்வது. 'பெரும்பாலம், அத்தக்கே: கோடை மாலைமழை' என்று பெயர்க்கலாம். ஒன்பதாம் மாதம் என்பதோ நம் கணக்கில் 1857 அக்டோபர், நவம்பர், இலையுதிர்காலம். அம்முத்திரை அச்சிட இசைவு பெற்ற மாதத்தைக் குறிப்பது. அதனைக் கண்டு 'கோடை' என்பதைத் திருத்தவேண்டியதில்லை.