கஞ்சிராவை மேடையேற்றிய புதுக்கோட்டை

கர்நாடக இசை மேடைக்குப் பிந்தி வந்த தாள வாத்தியங்களில் ஒன்று கஞ்சிரா. பலா மரத்தில் கடைந்த வளையம், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய உடும்புத் தோல், வளையத்தின் துளையில் ஒரே ஒரு ஜோடி உலோக வில்லைகள், இவ்வளவுதான் அதன் உடல். குறுக்களவு ஏழெட்டு அங்குலத்தைத் தாண்டாது. இடது கையில் பிடித்து வலது கையால் தட்ட வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வாத்தியங்கள் உலகெங்கும் உண்டு. அரபு நாடுகளில் ரிக், பிரேசிலில் பாண்டெய்ரோ. அமெரிக்க ராக் குழுக்களில் பாடகர் கையில் குலுங்கும் டாம்பரின் அதன் நெருங்கிய உறவு. அங்கே அது பாட்டுக்கு ஓசை கூட்டும் துணைக்கருவி. தமிழ்நாட்டிலும் கஞ்சிரா நெடுங்காலம் பஜனை கோஷ்டியிலும் வீதிப் பாட்டிலும் அப்படித்தான் இருந்தது. மிருதங்கத்தின் எதிரே உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் பதில் சொல்லும் நிலைக்கு அதை உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் அவர் பெயர் வழங்குகிறது.

புதுக்கோட்டைச் சீமைக்கு இசை புதிதல்ல. குடுமியான்மலைக் குன்றின் பாறையில் சுரக்கோவைகளைக் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் மிகப் பழைய இசைச் சான்றுகளில் ஒன்று அது. ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசன் வெட்டுவித்ததாக அந்தக் கல்வெட்டே சொல்கிறது. தொண்டைமான் மன்னர்களின் காலத்தில் அரண்மனையும் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் கோயிலும் கலைஞர்களை ஆதரித்தன. ஆனால் மான்பூண்டியா பிள்ளை ஆஸ்தான வித்வானாக அந்த அரண்மனைக்குள் நுழைந்தவர் அல்லர். அவர் அங்கே விளக்கேற்றும் வேலையில் இருந்தார் என்பதே இசை உலகில் வழிவழியாக வரும் செய்தி. இசைப் பரம்பரையில் பிறந்து, ஐந்து வயதில் பாடம் தொடங்கி, பத்து வயதில் மேடையேறியவர்கள் நிறைந்த துறைக்குள் அவர் வெளியிலிருந்து வந்தார். அவருடைய துணிச்சலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

தாளத்தின் மேல் அவருக்கு இருந்த பித்து, மாரியப்பத் தவில்காரரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கற்றது தவிலின் கணக்கு, கையில் எடுத்ததோ கஞ்சிரா. இந்தப் பொருந்தாச் சேர்க்கையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தவில் திறந்த வெளியில், நாகசுரத்தோடு, கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்கில் முழங்கும் வாத்தியம். அதன் சொற்கட்டுகள் நீளமானவை, கணக்கு சிக்கலானது. அந்தக் கணக்கை உள்ளங்கையளவு தோலில் வாசிப்பது அதுவரை யாரும் முயலாத காரியம். மிருதங்கத்துக்கு வலந்தலை, இடந்தலை என்று இரண்டு முகம் உண்டு. கஞ்சிராவுக்கு ஒரே முகம். மிருதங்கத்தைச் சுருதியோடு சேர்க்கலாம். கஞ்சிரா எந்தச் சுருதிக்கும் கட்டுப்படாது. தோலின் உட்புறம் தண்ணீர் தடவினால் நாதம் தாழும், தோல் காயக் காய ஏறிக்கொண்டே போகும். கச்சேரி நடுவில் கலைஞர் அடிக்கடி தண்ணீரைத் தொட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இந்தக் குறைகளை அவர் வசதிகளாக மாற்றிக்கொண்டார். வளையத்தைச் சுற்றிக் கலகலக்கும் பல ஜோடி வில்லைகள் இருந்தால் சொற்கள் தெளிவாகக் கேட்காது. ஆகவே அவற்றைக் குறைத்து ஒரு ஜோடியாக்கினார் என்பார்கள். வளையத்தைப் பிடித்திருக்கும் இடது கை விரல்கள் விளிம்பருகே தோலை அழுத்தித் தளர்த்தினால் ஓசை வளைந்து ஏறி இறங்கும். மிருதங்கத்தின் இடந்தலையில் எழும் கும்கிக்கு இணையான ஒரு நாதம் அந்தச் சின்ன வளையத்திலிருந்து பிறந்தது.

அந்நாளில் தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா மிருதங்கத்தின் பெரிய பெயர். அவர் முன்னிலையில் மான்பூண்டியா பிள்ளை வாசித்ததும், தொடக்கத்தில் எழுந்த ஐயங்கள் நீங்கி அப்பாவே அவருடைய திறமையை ஏற்றுக்கொண்டதும் பல வடிவங்களில் சொல்லப்படும் கதை. நுணுக்கங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும், முடிவு மாறுவதில்லை: மேடையில் கஞ்சிராவுக்கு இடம் கிடைத்தது. 1922இல் அவர் மறைந்தபோது அது கச்சேரி வாத்தியமாக நிலைபெற்றிருந்தது. அவருடைய மாணவர்கள் வழியே புதுக்கோட்டை வழி என்று ஒரு வாசிப்பு முறையும் உருவாகிவிட்டது.

அந்த வழியின் அடையாளம் கணக்கு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றும் நான்கு அட்சரம், ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. எட்டு அட்சரச் சொற்கட்டு ஒன்றை மூன்று முறை வாசித்தால் 24 ஆகும். இடையிலுள்ள இரண்டு இடைவெளிகளுக்கும் நான்கு நான்கு அட்சரம் விட்டால் மொத்தம் 32, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் சரியாக வந்து விழும். சொற்கட்டைப் பத்து அட்சரமாக்கி, இடைவெளியை ஒன்றாகக் குறைத்தாலும் அதே 32 வரும். கேட்பவருக்கு முதலாவது நிதானமாகவும், இரண்டாவது மூச்சு முட்டத் துரத்துவதாகவும் இருக்கும். இது அரிச்சுவடி. ஒரே சொற்கட்டைத் திசுரம், கண்டம் என்று நடை மாற்றி, தாளத்தின் எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் பாட்டு எடுக்கும் இடத்தில் வந்து நிற்பதுதான் மேற்படிப்பு. மிருதங்கமும் கஞ்சிராவும் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, அரை, கால் என்று குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றாகச் சேரும் குறைப்பு, இருவரும் சேர்ந்து வாசிக்கும் முடிப்புகளான மோரா, கோர்வை ஆகியவை, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சங்கள். இப்படிப்பட்ட உரையாடலுக்கு மிருதங்கத்தோடு மோதாத, அதே சமயம் அதற்கு ஈடு கொடுக்கிற இன்னொரு நாதம் தேவை. கஞ்சிரா அந்த இடத்தில் அச்சாகப் பொருந்தியது.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் தலையாயவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). அவரும் அரண்மனைக் காவல் பணியிலிருந்து இசைக்கு வந்தவர். கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் முதல் வரிசைக் கலைஞராக விளங்கிய அபூர்வம் அவர். இரண்டையும் வாசிப்பவர்கள் உண்டு, இரண்டிலும் உச்சத்தைத் தொட்டவர்கள் மிகக் குறைவு.

அவருடைய காலத்தில் தாளத்துக்கு மிகப் பெரிய மேடை அமைத்துக் கொடுத்தவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், வாயாலேயே தாளச் சொற்களைப் பொழியும் கொன்னக்கோல் என்று மேடை நிரம்பியிருக்கும். அழகநம்பிப் பிள்ளை மிருதங்கம், தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரியா பிள்ளை கொன்னக்கோல் என்று அமைந்த அந்த அணி, இன்று நாம் இசைக்குழு என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது. பாடகருக்குப் பின்னணி வாசிப்பது மட்டும் பக்கவாத்தியத்தின் வேலை என்ற வழக்கம் அங்கே செல்லாது. நாயனாப் பிள்ளை கடினமான பல்லவிகளை எடுத்துக்கொண்டு தாளக்காரர்களை அறைகூவி அழைப்பார். அவர்கள் திருப்பித் தருவார்கள். இசை கணக்குப் போராட்டமாகிவிட்டது என்ற குறை அன்றே எழுந்தது. அந்தக் குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ராகத்தின் நிதானத்தை நாடி வந்தவருக்கு அந்த மேடை இரைச்சலாகவே பட்டிருக்கும். ஆனால் லயம் தானே ஒரு முழுக்கலை என்பதைத் தமிழ் ரசிகர்களுக்கு உணர்த்தியது அந்த மேடைதான்.

தட்சிணாமூர்த்தி பிள்ளை தம்மைவிட 37 வயது இளையவரான பாலக்காடு மணி ஐயரோடு சேர்ந்து வாசித்தது அடுத்த அத்தியாயம். செம்பை வைத்தியநாத பாகவதர் பாட, மணி ஐயர் மிருதங்கம், பிள்ளை கஞ்சிரா என்ற சேர்க்கை 1930களின் முற்பகுதியில் கூட்டத்தை இழுத்தது. தஞ்சாவூர் வழியில் வந்த மணி ஐயர், மாற்று வழியின் மூத்தவரோடு மேடை மேடையாக அமர்ந்தார். அதனால் இரண்டு வழிகளுக்கும் நடுவே இருந்த வேலி தளர்ந்தது. பிள்ளையின் மீது மணி ஐயருக்கு இருந்த பக்தி ஊரறிந்தது.

இந்தப் பரம்பரையின் மூன்றாம் தலைமுறையில் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) வருகிறார். தந்தை பழனி முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மகனோ இடது கைக்காரர். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், அன்றைய மேடையில் அது பெரிய தடை. வலது கைக்காரரான மிருதங்கக் கலைஞர் பாடகருக்கு வலப்பக்கத்தில் அமர்வார். அப்போது வலந்தலை சபையை நோக்கி இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை மேடையின் பின்பக்கம் திரும்பிவிடும். அவர் பாடகரின் இடப்பக்கத்துக்கு மாற வேண்டும். அங்கே வழக்கமாக அமரும் வயலின் கலைஞர் எதிர்ப்பக்கம் போனால் அவருடைய வயலின் சபைக்கு முதுகு காட்டும். ஆகவே வயலின் கலைஞர்கள் பலர் இதற்கு உடன்படவில்லை. ஒரு கலைஞரின் கைவாகு அவருடைய வாய்ப்புகளையே பறித்துவிடக்கூடிய நிலை அது. வித்தையில் குறை சொல்ல இடமில்லாதபோதும் இப்படி ஒதுக்கப்பட்டது வேதனைக்குரியது.

செம்பை அவருக்குக் கை கொடுத்தார், தம் கச்சேரிகளில் தொடர்ந்து வாசிக்க வைத்தார். மணி ஐயர் மிருதங்கம் வாசித்த மேடைகளில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவோடு அமர்ந்ததும் உண்டு. கஞ்சிராவுக்கு இடது, வலது என்ற சிக்கல் இல்லை. ஆலத்தூர் சகோதரர்களின் லயம் மிகுந்த பாட்டுக்கு அவர் வாசித்த மிருதங்கத்தைக் கேட்டவர்கள், கும்கியின் இனிமையையும் பாட்டோடு ஒட்டி நிற்கும் அடக்கத்தையும் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். கணக்கு, கணக்கு என்று பெயரெடுத்த வழியில் வந்தவர், அந்தக் கணக்கை நாதத்துக்குள் கரைத்துக் காட்டினார். புதுக்கோட்டை வழி கண்ட மிக உயர்ந்த சாதனை அதுவே எனலாம். மணி ஐயர், பழனி, ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி மூவரும் மிருதங்க மும்மூர்த்திகளாகப் போற்றப்பட்டார்கள். 1966இல் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாக ஒரு மிருதங்கக் கலைஞருக்கு, மணி ஐயருக்கு, வழங்கப்பட்டது. சுப்பிரமணிய பிள்ளை அப்போது உயிரோடு இல்லை.

அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 13ஆம் வயதில் குருவின் அருகில் அமர்ந்து ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் வாசித்தவர். 1971இல் கனடாவின் டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து தென்னிந்திய இசைக்கல்வியைத் தொடங்கினார். ஜாஸ் கலைஞர்களும் மேலைத் தாளக்காரர்களும் அவரிடம் கொன்னக்கோல் பயின்றார்கள். 2011இல் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது.

கஞ்சிராவுக்கு அடுத்த பெரும் பாய்ச்சல் ஜி. ஹரிசங்கரால் (1958–2002) வந்தது. முருகபூபதியிடமும் மணி ஐயரிடமும் பயின்ற அவர், மிருதங்கத்தின் எல்லாச் சொற்களையும் ஒற்றைத் தோலில் கொண்டுவர முடியும் என்று நிரூபித்தார். அவரிடம் கற்ற வி. செல்வகணேஷ், ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் இருந்த சக்தி குழுவில் கஞ்சிராவோடு இணைந்தார். அந்தக் குழுவின் ‘திஸ் மொமெண்ட்’ இசைத்தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது.

வாத்தியத்தின் உடலும் இப்போது மாறி வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதன் தோலுக்கு மாற்றாக ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன. நாதம் அச்சு அசலாக ஒத்துவரவில்லை என்று கலைஞர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் உயிரினத்தைக் காப்பதும் வாத்தியத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. பல ஜோடி வில்லைகளை ஒரு ஜோடியாக்கிய மாற்றத்தில் வளர்ந்த வாத்தியம், தோலை மாற்றிக்கொண்டும் வாழும்.

பல சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போய்விடுகிறது. இனி கச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருந்து, கையால் தாளம் போட்டபடி, மிருதங்கத்துக்குக் கஞ்சிரா சொல்லும் பதிலைக் கேட்க வேண்டும். புதுக்கோட்டை அந்த மேடைக்குக் கொடுத்தது அந்தச் சில நிமிடங்களில்தான் முழுமையாகக் கேட்கக் கிடைக்கும்.