ஆங்கிலச் சொற்றொடர்வினைகளும் நெடுங்காலக் குறிப்பும்: தமிழாக்க நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

ஆங்கிலத்தில் வினைச்சொல் ஒன்றும் 'அப்', 'ஆன்', 'அவே', 'ஆஃப்' முதலான இடைச்சொல் ஒன்றும் இணைந்து ஒரே வினையாக இயங்குவதுண்டு. 'ஃபிரேசல் வெர்ப்' எனப்படும் இவ்வமைப்பை இக்கட்டுரையில் சொற்றொடர்வினை எனக் குறிப்பிடுகிறோம். இவ்வினைகளைப் பொருளுடன் பட்டியலிட்டு மனனம் செய்விப்பதே பெரும்பான்மை வகுப்பறை வழக்கம். ஆயினும், நெடுங்காலத்தைக் குறிக்கும் தொடர்களோடு அவை வரும்போது எழும் சிக்கலைப் பட்டியல் தீர்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நெல்சன் மண்டேலா 1962 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு, 1990 பிப்ரவரியில் விடுதலையானார். அவர் 27 ஆண்டுகள் 'லாக்டு அப்' நிலையில் இருந்தார் என்பதை ஆங்கிலம் 'ஃபார்' என்னும் முன்னிடைச்சொல்லைக் கொண்டு எளிதாகக் கூறிவிடும். அதனை, "27 ஆண்டுகளுக்குச் சிறையில் அடைத்தனர்" எனத் தமிழாக்கினால், நீதிமன்றம் 27 ஆண்டுத் தண்டனை விதித்தது என்று படிப்பவர் கொள்ள நேரும். 1964 ஜூனில் அவருக்கு விதிக்கப்பட்டதோ ஆயுள் தண்டனை. இலக்கணப் பிழையற்ற வாக்கியம் ஒன்று இங்கு வரலாற்றுப் பிழையாகிவிடுகிறது. இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைச்சொல்லும் வினையின் எல்லையும்

சீனோ வெண்ட்லர் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் ஆங்கில வினைகளை அவை காலத்தோடு கொள்ளும் உறவின் அடிப்படையில் நான்காக வகுத்தார். அப்பகுப்பினின்று நமக்கு வேண்டுவது ஒரு வேறுபாடே: சில வினைகளுக்கு இயல்பான முடிவெல்லை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. நடத்தல் எல்லையற்றது, ஒரு வீட்டைக் கட்டுதல் எல்லையுடையது. எல்லையற்ற வினை 'ஃபார்' என்பதனையும், எல்லையுடைய வினை 'இன்' என்பதனையும் ஏற்கும்.

சொற்றொடர்வினையின் இடைச்சொல் பல இடங்களில் இவ்வெல்லையைத் தீர்மானிக்கிறது. 'யூஸ்' என்பது பயன்படுத்துதல். 'யூஸ் அப்' என்பது பயன்படுத்தித் தீர்த்தல். முன்னது 'ஒரு மாதம்' என்னும் அளவையும், பின்னது 'ஒரு மாதத்தில்' என்னும் அளவையும் ஏற்கின்றன. இதற்கு மாறாக, 'ஆன்', 'அவே' ஆகியவை வினையை எல்லையின்றி நீட்டும். 'டாக் ஆன்' என்பது பேசிக்கொண்டே போதல். 'ஒர்க் அவே' என்பது விடாது உழைத்துக்கொண்டிருத்தல். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நிலவிய மலாயா அவசரகாலம் 'டிராக்டு ஆன்' எனின், அது பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போயிற்று என்பது பொருள்.

எனினும், இடைச்சொல்லை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. 'ஸ்டே அப்' என்பதில் 'அப்' முடிவைக் குறிக்கவில்லை. உறங்காது விழித்திருத்தலையே குறிக்கிறது. தொப்பியைப் 'புட் ஆன்' செய்தல் என்பதில் 'ஆன்' தொடர்ச்சியைக் குறிக்கவில்லை. வினை, இடைச்சொல், காலத்தொடர் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

'ஃபார்' எதனை அளக்கிறது?

எல்லையுடைய சொற்றொடர்வினையோடும் 'ஃபார்' வருவதுண்டு. அடைத்தல் நொடியில் முடியும் செயல். 27 ஆண்டுகள் நீடித்தது அடைத்தலன்று, அடைபட்ட நிலை. எனவே, நெடுங்காலத் தொடர் மூன்றில் ஒன்றை அளக்கலாம்: செயலை, செயலின் விளைவாகிய நிலையை, அல்லது செய்தவர் கருதிய காலத்தை.

'புட் ஆஃப்' என்பது இதற்குச் சிறந்த சான்று. ஒரு குழு தன் முடிவைப் பத்தாண்டுகள் 'புட் ஆஃப்' செய்தது எனும் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் மூவகையாக எழுதலாம்:

1. முடிவைப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. (செயல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.)
2. முடிவைப் பத்தாண்டுகள் தள்ளிவைத்திருந்தது. (ஒருமுறை தள்ளிய நிலை நீடித்தது.)
3. முடிவைப் பத்தாண்டுகளுக்குத் தள்ளிவைத்தது. (பத்தாண்டு என்பது அன்று குறித்த தவணை.)

முதலாவது தயக்கத்தையும், மூன்றாவது திட்டத்தையும் உணர்த்துகின்றன. ஆங்கில வாக்கியம் இவ்வேறுபாட்டைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. தமிழ் அதனை வெளிப்படையாகக் கூறுமாறு எழுதுவோரைப் பணிக்கிறது.

தமிழின் இருவகைக் கருவிகள்

தமிழ் இதனை ஈரிடங்களில் குறிக்கிறது. முதலாவது, காலப்பெயரின் வடிவம். 'பத்தாண்டுகள்' என்பது நீடித்த அளவையும், 'பத்தாண்டுகளாக' என்பது பேசப்படும் நேரம் வரை தொடர்ந்து வருவதையும், 'பத்தாண்டுகளில்' என்பது முடிவடைவதற்கு ஆன காலத்தையும், 'பத்தாண்டுகளுக்கு' என்பது பெரும்பாலும் முன்கூட்டிக் கருதிய கால அளவையும் சுட்டுகின்றன. இவற்றுள் 'இல்' ஏற்ற வடிவம் ஆங்கில 'இன்' என்பதற்கு நிகராகும். எஞ்சிய மூன்றின் பணியையும் 'ஃபார்' என்னும் ஒரு சொல்லே ஆற்றவல்லது.

இரண்டாவது, துணைவினை. தொல்காப்பியம் வினைக்கு இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனக் காலம் மூன்றை வகுத்தது. செயல் முடிந்ததா, தொடர்கிறதா, அதன் விளைவு நிலைத்ததா என்பதனை இக்காலத் தமிழ் துணைவினைகளால் நுண்மையாக உணர்த்துகிறது. இ. அண்ணாமலை, தாமஸ் லேமன் முதலிய மொழியியலாளர்கள் 1980களில் வெளியிட்ட நூல்களில் இத்துணைவினைகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நம் நோக்கிற்கேற்ப அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

• தொடர்ச்சி: கொண்டிரு, கொண்டே போ, வா
• முடிவு: விடு, முடி, தீர்
• விளைவு நிலைத்தல்: வை, இரு

'மூடிவிட்டனர்' என்பது முடிவைக் கூறுவதால் 'மூன்று ஆண்டுகள்' என்னும் அளவை எளிதில் ஏற்பதில்லை. 'மூடிக்கொண்டிருந்தனர்' எனின், மூன்று ஆண்டுகளும் கதவைச் சாத்தும் செயலே நடந்ததாகிவிடும். 'மூடி வைத்திருந்தனர்' என்பதே நிலையின் நீட்சியைச் சரியாகக் கூறும். இவ்வாறு நோக்கின், மண்டேலா குறித்த வாக்கியம், "27 ஆண்டுகள் சிறையில் அடைத்து வைத்திருந்தனர்" என அமைதல் வேண்டும்.

கற்பித்தலில் பயன்பாடு

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணவர் அகராதியைத் திறக்கும் முன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுமாறு பழக்கலாம். இவ்வினைக்கு இயல்பான முடிவெல்லை உண்டா? கூறப்பட்ட காலம் செயலை அளக்கிறதா, விளைந்த நிலையை அளக்கிறதா, கருதிய தவணையை அளக்கிறதா? அதற்கேற்ற காலப்பெயர் வடிவமும் துணைவினையும் எவை? இம்முறையில் 'புட் ஆஃப் என்றால் ஒத்திவை' என்னும் ஒற்றை விடை போதாது என்பதை மாணவரே உணர்வர்.

ஆங்கிலத்திலிருந்து செய்தியும் பாடநூலும் தொடர்ந்து தமிழாக்கப்படும் நம் நாட்டுச் சூழலில், 'ஃபார்' வருமிடமெல்லாம் 'க்கு' என எழுதும் பழக்கம் வேரூன்ற வாய்ப்புண்டு. அது நிலைபெறின், தண்டனைக் காலத்தையும் சிறையிருந்த காலத்தையும் வேறுபடுத்திக் காட்டும் தமிழின் ஆற்றல் மாணவர் எழுத்தில் மங்கிவிடும்.

முடிவுரை

ஆங்கிலம் இடைச்சொல்லாலும் சூழலாலும் உணர்த்துவதனைத் தமிழ் வேற்றுமை உருபாலும் துணைவினையாலும் உணர்த்துகிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் நிகர் தேடுவதைவிட, நீடித்தது எது என்று கேட்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை எனக் கருதுகிறோம். சொற்றொடர்வினைகளைக் கற்பிக்கும் பாடவேளை, தமிழ்த் துணைவினைகளின் நுட்பத்தை மாணவருக்கு உணர்த்தும் பாடவேளையாகவும் அமையலாம்.