உட்கார ஓர் இடம்

யூத வெறுப்பு என்பது, ஒருவர் என்ன செய்தார் என்று பாராமல், யூதராகப் பிறந்தார் என்பதற்காகவே அவரை ஒதுக்குவதும் இழிவுபடுத்துவதும் ஆகும். அது கல்லூரி வகுப்பறைக்குள் நுழைந்து, யார் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்னும் வழக்காக மாறிய காலம் ஒன்று உண்டு. பந்தியிலும் கோயிலிலும் இதே வழக்கைத் தலைமுறைகளாகப் பார்த்த தமிழ்நாட்டுக்கு அது அயலார் கதையாகத் தோன்ற வேண்டியதில்லை.

சென்னையில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே பட்டமும், பின்னர் சட்டமும் படித்து முடித்தவர் ஆபிரகாம் பராக் சேலம். பெயரில் ஊர் இருந்தாலும் அவர் 1882இல் பிறந்த கொச்சி யூதர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று சென்னைக்கு வந்தவர். அவர் பிறந்த பிரிவினரை மெஷுக்ராரிம் என்பார்கள். எபிரேய மொழியில் 'விடுவிக்கப்பட்டோர்' என்று பொருள்படும் இச்சொல், யூத வணிகர்களிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்களைக் குறித்தது. அப்பிரிவில் முதன்முதலில் பட்டம் பெற்றவர் சேலம்தான். ஆயினும், கல்லூரி உட்காரவைத்துப் பாடம் சொன்ன அந்தப் பட்டதாரிக்கு, 1568இல் கட்டப்பட்ட கொச்சிப் பரதேசித் தொழுகைக்கூடத்தில் உரிய இடம் தரையிலோ முகப்புப் படியிலோதான் இருந்தது. திருமறை வாசிக்க அப்பிரிவினரை அழைத்ததில்லை, இடுகாடும் தனி. தமிழில் இன்று வசைச்சொல்லாகிவிட்ட 'பரதேசி', அங்கே வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறி, வெள்ளை யூதர் எனப்பட்டு, மேலிடத்தைத் தமதாக்கிக்கொண்டவர்களின் பெயர் என்பது சற்றுக் கசப்பான வேடிக்கை. கடலோர அரசர்கள் அடைக்கலம் தந்த நாட்டில், யூதர் ஒருவர் பட்ட அவமானம் யூதர்களிடமிருந்தே, சாதியின் வடிவத்தில் வந்தது. சேலம் சில காலம் தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தார். பின்னர் அதே கூடத்தில் சத்தியாகிரக முறையில் போராடினார். 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு வந்ததும் இதனால்தான்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அப்போது போலந்தில் இருந்த லிவோவ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில், 1935 இறுதியில், யூத மாணவர்களுக்கென்று வகுப்பறையின் இடப்பக்கத்தில் தனிப் பெஞ்சுகள் ஒதுக்கப்பட்டன. 1937இல் இத்தகைய ஏற்பாட்டுக்குக் கல்வி அமைச்சரும் இசைவளித்துவிடவே, ஒற்றைப்படை எண்ணிட்ட பெஞ்சுகளில்தான் இடம் என்ற முத்திரை மாணவரின் கையேட்டிலேயே குத்தப்படலாயிற்று. மதிப்பெண்ணும் ஆசிரியர் கையொப்பமும் இருக்க வேண்டிய ஏட்டில் அந்த முத்திரையைப் பார்த்த மாணவர்கள் பலர், அந்தப் பெஞ்சில் உட்கார மறுத்து, விரிவுரை முடியும்வரை நின்றபடியே குறிப்பெடுத்தனர். யூதரல்லாத ஆசிரியர் சிலரும் அவர்கள் பக்கம் நின்றனர். லிவோவ் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டானிஸ்வாவ் குல்சின்ஸ்கி, அந்த ஆணையில் கையெழுத்திட மாட்டேன் என்று 1938 ஜனவரியில் பதவி விலகினார். கொச்சியில் உட்காருவதற்காகப் போராட்டம். லிவோவில் உட்கார மறுத்துப் போராட்டம். கேட்டது இரண்டிடத்திலும் ஒன்றே.

அமெரிக்காவில் முத்திரை தேவைப்படவில்லை, விண்ணப்பப் படிவமே போதுமாயிருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவல், மாணவரில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு யூதர் பெருகிவிட்டதைக் கண்டு, 1922இல் அவர்களுக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார். வெளிப்படையான வரம்பு ஏற்கப்படவில்லை என்றாலும், மதத்தையும் புகைப்படத்தையும் கேட்ட படிவமும், 'குணநலன்' என்ற பிடிபடாத அளவுகோலும் அதே வேலையைச் செய்து முடித்தன. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு என்பது சாத்திய கதவைத் திறக்கும் சொல். அங்கே அது திறந்த கதவைச் சாத்தப் பயன்பட்டது. மறு ஆண்டே, 1923இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்காக ஹில்லெல் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொழுகை, விதிப்படி சமைத்த கோஷர் உணவு என வளாகத்திலேயே அவர்களுக்கு ஒரு வீட்டை உண்டாக்கிற்று.

போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறுவோருக்கு இந்த வீட்டின் தேவையை விளக்க வேண்டியிருக்காது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் அப்படியிருப்பினும் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயருக்குச் சொல்லப்படும் பொருள். அவர்களுடைய பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்து, முதல் பட்டதாரிகளாகச் சமவெளிக்கு இறங்குகிறார்கள். அம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, சட்டம் பயின்று, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றபோது அவருக்கு 23 வயது.

சேலத்தின் வழக்கு மட்டும் தொழுகைக்கூடத்தோடு முடியவில்லை. அவருடைய மகன் பால்ஃபர், வெள்ளை யூதர் குடும்பத்துப் பெண்ணான பேபி கோடரை 1950இல் மணந்தார். கொச்சியில் அத்திருமணத்தை நடத்த வழியில்லாமல், மணமக்கள் பம்பாய் வரை போக வேண்டியிருந்தது.