பேடில் போர்டு வாங்கப் போறீங்களா? தாமிரபரணிக்கு எது செட் ஆகும்... எது ஆபத்து?

நின்றுகொண்டே துடுப்பு போட்டுச் செல்லும் 'ஸ்டாண்ட் அப் பேடில்' போர்டுகள் ஆன்லைனில் ஈஸியாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 2022-ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் தேசியப் போட்டியே நடந்தது. வற்றாத ஆறு ஓடும் நெல்லையில் இருப்பவர்களுக்கு ஒன்று வாங்கிப் போடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கடலுக்கும் குளத்துக்கும் சரியாக இருக்கும் செட், ஓடும் ஆற்றில் உயிருக்கே உலை வைக்கலாம். எப்படி? பார்க்கலாம்.

காற்றடிக்கும் போர்டா, கெட்டி போர்டா?

புதிதாகப் பழகுபவர்களுக்குக் காற்றடிக்கும் போர்டு போதும். சுருட்டிப் பையில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டு போகலாம். பாறையில் உரசினாலும் ஃபைபர் போர்டு போல விரிசல் விடாது. 6 அங்குல தடிமன் இருப்பதாகப் பாருங்கள். மெல்லிய போர்டு, ஏறி நின்றால் நடுவில் வளையும். பெரும்பாலான போர்டுகளுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம் தேவை. காற்று நிரப்பிய போர்டை நெல்லை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் கூடி ஒட்டு பிரிந்துவிடும்.

என்ன அளவு?

பழகுவதற்கு 10 முதல் 11 அடி நீளம், 32 முதல் 34 அங்குல அகலம் சரி. அகலம் கூடினால் தள்ளாட்டம் குறையும், வேகமும் குறையும். ரேஸ் போர்டுகள் குறுகலானவை, ஆரம்பத்தில் வேண்டாம். உங்கள் எடையோடு பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தாலும், போர்டு தாங்கும் எடையைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும்.

கயிறில் என்ன சிக்கல்?

போர்டோடு வரும் 'லீஷ்' கயிறு பொதுவாகக் கணுக்காலில் கட்டுவது. கடலில் விழுந்தால் போர்டு காற்றில் அடித்துப் போகாமல் இது காப்பாற்றும். ஆற்றில் கதையே வேறு. கயிறு பாறையிலோ, மரக்கிளையிலோ, பாலத்தூணிலோ மாட்டினால், நீரின் இழுப்பில் குனிந்து கணுக்காலைத் தொடவே முடியாது. அதனால் ஓடும் நீருக்கு, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்பு லீஷ்தான் வேண்டும். இதைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அணைக்கட்டு ஏன் ஆபத்து?

தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் குளம் மாதிரி அமைதியாக நிற்கும். போர்டில் வருபவருக்கு முன்னால் ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டி விழும் நீர், அடியில் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம்.

வேல்ஸில் உள்ள ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில் 2021 அக்டோபர் 30 அன்று இதுதான் நடந்தது. மழையால் பெருகி ஓடிய ஆற்றில் போர்டில் சென்ற குழு தடுப்பணையில் சிக்கி 4 பேர் இறந்தனர். அவர்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025-ல் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எப்போது, எங்கே போகலாம்?

கார், பிசான சாகுபடிக்காக அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் இழுப்பே மாறிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பேச்சுக்கே இடமில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் நெல்லைக்கு மறந்திருக்காது. காரையாறு அணைப் பக்கமும் நினைத்தபடி போக முடியாது, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதி. முதலில் பயிற்சியாளரோடு அலையில்லாத கடலில் வாடகை போர்டில் பழகிவிட்டு, அப்புறம் வாங்குவதே நல்லது.

வாங்கும் முன் செக் பண்ணுங்க

• குறைந்தது 50 நியூட்டன் மிதப்புத் திறன் உள்ள லைஃப் ஜாக்கெட்
• ஓடும் நீருக்கு, சட்டென்று கழலும் இடுப்பு லீஷ்
• ஆழம் குறைந்த இடத்துக்கு, வளையக்கூடிய குட்டை ஃபின்
• போகும் வழியில் அணைக்கட்டு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கரையேற வேண்டும் என்ற விவரம்

கடைசி விஷயம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கரையோர ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே போர்டைத் தண்ணீரில் இறக்குங்கள்.