இது அந்த பிளேடு இல்லை பாஸ்!

'பிளேடு' என்றதும் உங்க மனசுக்குள்ள யார் முகம் வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட் எடுக்கிற அந்த நல்லவரை இன்னிக்கு மட்டும் விட்டுடுவோம். நாம பேசப்போறது கோல்ஃப் மைதானத்து பிளேடு. நிஜமாவே இரும்புல செஞ்சது. தூங்க வைக்காது. தப்பா அடிச்சா கை விண்ணுன்னு தெறிக்கும்!

முதல்ல கோல்ஃப் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ். ஒருத்தர் தன் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-ல் வந்த விதி இது. அதில் இரும்புத் தலை கொண்ட மட்டைகளுக்கு 'அயர்ன்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் குறைந்தால் முகத்தின் சாய்வு குறையும். பந்து தாழ்வாக, தூரமாகப் பறக்கும். நம்பர் கூடினால் பந்து வானத்தைப் பார்த்து எழும்பி, பக்கத்திலேயே பொத்தென்று விழும். அவ்வளவுதான் மேட்டர்.

பழைய காலத்து அயர்ன்கள் பெரும்பாலும் பிளேடு ரகம். சின்னத் தலை, மெலிசான அடிப்பகுதி, குழி எதுவும் இல்லாத வழவழ முதுகு. அமெரிக்க கோல்ஃபர்கள் வைத்த செல்லப்பேர் 'வெண்ணெய்க் கத்தி'. வில்சன், மெக்ரெகர் என்று பெயர் பொறித்த 1960, 70-களின் கத்திகளைத் தேடிப் பிடித்து ஆடுகிற ரசிகர்கள் இன்றைக்கும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். புது மட்டை வாங்க வசதி இல்லாமல் இல்லை. கஷ்டம்னு தெரிஞ்சேதான் எடுக்கிறாங்க. ஏன்?

அடிச்சுச் செஞ்சதா, ஊத்திச் செஞ்சதா?

பிளேடு பிறப்பது கொல்லன் பட்டறை ஸ்டைலில். கார்பன் குறைந்த மென்மையான எஃகுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்குள் வைத்து, ராட்சதச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். பிறகு அரம், சாணைக்கல், குரோமியம் முலாம். ஆள் ரெடி!

இதற்கு வில்லனாக வந்தவர், இல்லை, ஹீரோவாக வந்தவர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினீயர். 1959-ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கார் ஷெட்டில் மட்டை செய்ய ஆரம்பித்தார். பந்தை அடித்ததும் 'பிங்' என்று சத்தம் வந்தது. கம்பெனிக்கும் அதையே பேராக வெச்சுட்டார்!

அவர் ஐடியா சிம்பிள். கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீளமான கம்பு ஒன்றைப் பிடித்திருப்பார், பார்த்திருப்பீங்க. எடை இரண்டு ஓரத்துக்கும் போய்விட்டால் அந்தக் கம்பு சட்டென்று திரும்பாது. அதே லாஜிக்கில் மட்டையின் முதுகைக் குடைந்து, அந்த இரும்பைச் சுற்று ஓரங்களுக்குத் தள்ளிவிட்டார் சோல்ஹெய்ம். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் முறுக்கிக்கொள்ளாது. தூரமும் பெரிதாகக் குறையாது.

இந்தக் குழி முதுகு அயர்ன்களை வார்ப்பில் செய்தார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சு பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுவது. அட, நம்ம சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிறார்களே, அடிப்படையில் அதே டெக்னிக்தான்! 1982-ல் வந்த 'பிங் ஐ 2' சக்கைப்போடு போட்டது. பிளேடு மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

கை சொல்லும் ரிசல்ட்

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். கிரிக்கெட் ஆடினவங்களுக்குத் தெரியும். பந்து பேட்டோட நடுவுல பட்டா பட்டதே தெரியாது, பறந்துடும். அடி நுனியில பட்டா உள்ளங்கை எரியும். பிளேடும் அப்படித்தான். எடை எல்லாம் நடுவிலேயே குவிந்திருப்பதால், சரியாகப் பட்டால் சுகமோ சுகம். அரை இன்ச் தள்ளிப் பட்டால் தலை முறுக்கும், பந்து பாதியிலேயே விழும், கை கூசும்.

அதாவது, பந்து எங்கே போச்சுன்னு நிமிர்ந்து பார்க்கிறதுக்கு முன்னாடியே கைக்கு ரிசல்ட் வந்துடும். குழி முதுகு மட்டை தப்பை மன்னிக்கும். கூடவே கொஞ்சம் மறைக்கவும் செய்யும். பிளேடு ரசிகர்களுக்கு வேண்டியது அந்த மறைக்காத ரிசல்ட்தான். 'அடிச்சுச் செஞ்ச இரும்பு, அதான் சாஃப்ட்டா இருக்கு' என்று சத்தியம் பண்ணுவார்கள். உண்மையில் அந்த உணர்வில் பெரும்பங்கு, எடை நடுவில் குவிந்த வடிவத்துக்குத்தான் சேரும்.

காசு அளவு தேய்மானம்

பிளேடு என்றால் பென் ஹோகன் பேர் வராமல் இருக்காது. 1949 பிப்ரவரியில் டெக்ஸாஸில் இவர் கார் மீது பஸ் ஒன்று நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்தார் மனுஷன். இடுப்பெலும்பு, காரை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. நடப்பதே சந்தேகம் என்ற நிலை.

16 மாதம் கழித்து, 1950 ஜூனில், கால்களில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மெரியான் மைதானத்தில் அமெரிக்க ஓபன் ஆடினார். கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள். கடைசிக் குழிக்கு அவர் எடுத்தது 1-ஆம் நம்பர் பிளேடு. அயர்ன்களிலேயே அடிக்கக் கஷ்டமானது. எவ்வளவு கஷ்டம்? 1975-ல் மின்னல் தாக்கிப் பிழைத்த லீ ட்ரெவினோ அடித்த ஜோக் ஒன்று உண்டு: "மின்னல் வந்தா 1-ஆம் நம்பரைத் தூக்கிப் பிடிங்க. அதைக் கடவுளாலகூட அடிக்க முடியாது!"

ஹோகன் அடித்தார். பந்து கிரீனில் போய் நின்றது. ஆட்டம் சமன். மறுநாள் பிளே ஆஃபில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்.

அந்த மட்டை அந்த வாரமே திருடு போய்விட்டது. 1983-ல்தான் கிடைத்தது, 'இது என்னுதுதான்' என்று ஹோகன் உறுதி செய்தார். அதன் முகத்தில், சரியாக நடுவில், ஒரு நாணயம் அளவுக்குத் தேய்மானம். எத்தனை ஆயிரம் பந்துகளை அதே ஒரே இடத்தில் அடித்திருந்தால் எஃகு தேயும்? யோசிச்சுப் பாருங்க!

நம்பர் விளையாட்டு

இன்னொரு ரகசியம். 1970-களின் 7-ஆம் நம்பர் அயர்னின் சாய்வு சுமார் 38 டிகிரி. இன்றைய 'ஈஸி' ரக 7-ஆம் நம்பரில் 28, 30 டிகிரிதான். அது கிட்டத்தட்ட அந்தக் காலத்து 5-ஆம் நம்பர்! முழுசா ஃப்ராடுன்னு சொல்லவும் முடியாது. எடையைக் கீழே இறக்கியிருப்பதால் சாய்வு குறைந்தாலும் பந்து உயரமாக எழும்புகிறது. ஆனால், 'தூரம் கூடியிருக்கு' என்று சந்தோஷப்படுகிறவருக்குக் கூடியதில் ஒரு பகுதி திறமை அல்ல, ஸ்டிக்கர்.

யாருக்கு செட்டாகும்?

புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் குழி முதுகுதான் பெஸ்ட். பெரும்பாலான அமெச்சூர்களுக்கு ஸ்கோரும் அதில்தான் நன்றாக வரும். புரொஃபஷனல்களிலேயே பலர் நீளமான அயர்ன்களைக் குழி முதுகிலும், குட்டை அயர்ன்களை பிளேடிலும் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், டைகர் உட்ஸ் ஆயுசுக்கும் பிளேடு கட்சி. 2025-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது ரோரி மெக்கில்ராயின் பையில் இருந்த அயர்ன்களில் பெரும்பாலானவை பிளேடுதான்.

பழைய செட் கையில் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்க. ஒன்று, முகத்துக் கோடுகள் தேய்ந்திருக்கா? இரண்டு, பிடி காய்ந்து கல்லாகியிருக்கா? அப்படியானால் மாத்திடுங்க. மூன்று, சாய்வை அளந்து பார்க்கச் சொல்லுங்க. மென்மையான எஃகு என்பதால் வருஷக்கணக்கில் ஆடியதில் வளைந்திருக்கலாம். நல்லவேளை, அதே காரணத்தால் கடைக்காரர் வளைத்துச் சரி பண்ணவும் முடியும்.

அடுத்த தடவை யாராவது, "ஏழாம் நம்பர்ல 170 கஜம் தூக்கினேன்" என்று பீத்திக்கிட்டா, மூஞ்சியை அப்பாவியா வெச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

"எத்தனை டிகிரி பாஸ்?"