கோல் அடிச்சது யாரு மாப்ள?

சாயங்காலம் நாலரை மணி. வன்னியம்பட்டி விலக்கு பஸ் ஸ்டாப். தோளில் ஹாக்கி ஸ்டிக், கையில் சேவு பொட்டலம், வாயில் சண்டை!

''நேத்து ரெண்டு கோலும் நான்தான்டா அடிச்சேன்!''

''பந்தை உன் கால்கிட்ட கொண்டு வந்து வெச்சது யாரு, உங்க தாத்தாவா?''

சிரிச்சுக்கிட்டே பேசினாலும் உள்ளே ஒரு உதறல் இருக்கு. அடுத்த வாரம் காலேஜ் டீம் செலக்ஷன். நோட்டுல எழுதுறது கோல் கணக்கு மட்டும்தான். பாஸ் கொடுத்த பையன் பேருக்கு நேரே பெரிய ஜீரோ. இந்த வருஷம் அவன் டீம்ல இருப்பானா, பெஞ்சுக்குப் போவானா?

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல, 1980-க்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க ஃப்ரெண்ட்ஸ்!

மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். பல நாடுகள் புறக்கணிச்சதால ஹாக்கியில் ஆறே டீம்கள்தான். இந்திய கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வி.பாஸ்கரன். ஃபைனலில் ஸ்பெயினை 4-3னு ஜெயிச்சு தங்கம் வாங்கினோம். நாலு கோல்ல ரெண்டு சுரிந்தர் சிங் சோதி, ஒண்ணு கௌஷிக், ஒண்ணு முகமது ஷாஹித். ஸ்கோர் ஷீட் இதோட முடிஞ்சுது. ஆனா ஆட்டம் அதுக்குள்ளே அடங்கலை!

ஷாஹித் வாரணாசிக்காரர். அப்போ வயசு 20. காலேஜ் படிக்கிற வயசு! பந்தை ஸ்டிக்கில் ஒட்டவெச்ச மாதிரி கொண்டு போவார். எதிராளி ஒரு பக்கம் சாய, இவர் மறுபக்கம் போயிருப்பார். இவரைத் தடுக்க ரெண்டு பேர் ஓடி வந்தா, வேற எங்கேயோ ஒரு ஆள் ஃப்ரீ. அந்த இடத்துக்குத்தான் இடது ஓரத்திலிருந்து ஜாஃபர் இக்பால் பறந்து வருவார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிச்சவர். அவரோட ஆயுதம் வேகம். நடுவில் சோதி. அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு அதிக கோல் அடிச்சவர் அவர்தான். 'டி'க்குள் பந்து வரும்போது சரியான இடத்தில் நிற்கிறதுதான் அவரோட வித்தை.

ஒருத்தர் ஆளை இழுக்கிறார், ஒருத்தர் ஓடுறார், ஒருத்தர் முடிக்கிறார். மூணு பேரும் ஷாஹித் மாதிரியே ஆடியிருந்தா? பந்து மைதானம் முழுக்க சுத்தியிருக்கும், கோலுக்குள் போயிருக்காது!

இதுக்கு ஹாக்கி விதியிலேயே காரணம் இருக்கு. கோலிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வளைஞ்சு ஓடுற கோடுதான் 'டி'. அதுக்குள்ளே அட்டாக் பண்ற டீமோட ஸ்டிக் பந்தைத் தொட்டாத்தான் கோல். வெளியிலிருந்து நேரா அடிச்சு உள்ளே போனா செல்லாது. ஆக, பந்தை 'டி'க்குள் கொண்டு சேர்க்க ஒரு திறமை வேணும். உள்ளே இருக்கிற கூட்டத்தில் ஒரு தட்டுத் தட்ட வேற திறமை வேணும்.

இன்னொரு சங்கதி. ஹாக்கி ஸ்டிக்கில் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் ஆடலாம். இடதுகைக்காரங்களுக்குன்னு தனி ஸ்டிக் கிடையாது. அதனால வலது ஓரத்தில் ஓடுறவர் பந்தை நடுவுக்கு அடிக்கிறது சுலபம். இடது ஓரத்தில் ஓடுறவர் உடம்பைத் திருப்பணும், இல்லைன்னா ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிச்சு 'ரிவர்ஸ்'ல அடிக்கணும். ஜாஃபர் மாதிரி நல்ல லெஃப்ட் விங் கிடைச்சா தலையில் தூக்கிவெச்சு ஆடுறது இதனாலதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். இங்கிருந்து பஸ் ஏறினா மேட்ச் பார்த்துட்டு ராத்திரிக்குள்ளே வீடு திரும்பிடற தூரத்தில்தான் 'ஹாக்கிப்பட்டி'ங்கிற கோவில்பட்டி! அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த கார்த்தியும், 2022 மே மாசம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய ஜெர்சி போட்டாங்க. ரெண்டு பேருமே ஃபார்வர்டு. பாகிஸ்தானோட 1-1னு டிராவான மேட்ச்சில் இந்தியாவோட கோல் கார்த்தி பேரில்தான்.

அதே தொடரில் இந்தோனேஷியாவைக் குறைஞ்சது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயிச்சாத்தான் அடுத்த சுற்றுங்கிற நிலைமை. 16-0னு முடிச்சாங்க! அன்னிக்கு ஒவ்வொருத்தரும் 'நான்தான் அடிப்பேன்'னு பந்தைப் பிடிச்சுவெச்சிருந்தா கடிகாரம்தான் ஜெயிச்சிருக்கும். கடைசியில் வெண்கலத்தோட திரும்பினாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரைப் பார்த்திருப்பீங்க. வடம் பிடிச்சு இழுக்கிறவங்கதான் போட்டோவில் தெரிவாங்க. ஆனா சக்கரத்துக்குக் கட்டை போடுறவர் இல்லைன்னா தேர் திருப்பத்தில் திரும்பாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. நம்ம ஊரில் 'முட்டுக்கட்டை போடாதே'ன்னு திட்டுவாங்க. தேருக்கு அந்தக் கட்டைதான் ஸ்டீயரிங்கும் பிரேக்கும்!

அதனால காலேஜ் கேப்டன்களே, உங்க செலக்ஷன் நோட்டில் கோல் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூணு கட்டம் போடுங்க. பந்தைப் பறிச்சது யாரு? எதிராளியை இழுத்துக்கிட்டுப் போய் இடம் உண்டாக்கினது யாரு? கடைசி பாஸ் யாரோடது? ரெண்டே மேட்ச் எழுதிப் பாருங்க. பெஞ்சில் உட்காரப் போறவர் பேர் மாறினாலும் மாறும்.

பஸ் வந்துருச்சு. ரெண்டு கோல் அடிச்ச ஹீரோ முதல்ல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சுட்டார். அப்புறம் என்ன நினைச்சாரோ, நகர்ந்து உட்கார்ந்து சொன்னார்: ''வா மாப்ள, நீ ஜன்னல்கிட்ட உட்காரு. நேத்து ஒரு கோல் உன்னோடதுதான்!''

''ஒண்ணுதானா?''

சண்டை தொடருது!